வட்டப்பாறைக்காரர்கள் நெட்வொர்க் படித்த கதை

வட்டப்பாறை பால் சங்கத்தில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது. ஆனால் மனசு என்று பார்த்தால் ஆளுக்கு இரண்டு.

செயலாளர் ராக்கியப்பனுக்கு முழங்கால் வலி. பாலின் தரம் பார்க்கிற நாச்சிமுத்துவுக்கு நிற்கத் தெரியாது, எப்போதும் ஓட்டம்தான். பதிவேடு எழுதுகிற அருக்காணி பிளஸ் டூவைத் தொட்டுவிட்டு வந்தவர், ஆகவே அறிவாளி. கேன் தூக்குகிற செம்மலை பேசுவது குறைவு. யோசிப்பது அதைவிடக் குறைவு.

ஒரு நாள் பால் ஒன்றியத்திலிருந்து கடிதம் வந்தது. வட்டப்பாறை மையத்தையும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடைப்புதூர் மையத்தையும் கம்ப்யூட்டர் வழியாக இணைக்கப் போகிறார்கள். ஊருக்கு ஊர் கம்ப்யூட்டரை இணைப்பது எப்படி என்று ஒரு கல்லூரி ஆன்லைனில் பாடம் நடத்துகிறது. மாசக் கடைசிக்குள் மையத்தில் ஒருவராவது அதில் பாஸ் ஆக வேண்டும். இல்லாவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். மூடினால் நூற்றிருபது வீட்டுக்காரர்கள் பாலைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்ற வேண்டும்.

"எருமைங்க நம்மள நம்பித்தான் கறக்குது," என்றார் ராக்கியப்பன். கண் கலங்கிவிட்டது. எப்பாடு பட்டாவது படித்துவிடுவதென்று நாலு பேரும் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள்.

சங்கத்துக் கம்ப்யூட்டரைத் தொட எல்லோருக்கும் பயம். படிக்க இருந்தது ஒரே ஒரு போன். அருக்காணி திறந்தார். முதல் வரி இப்படி இருந்தது: 'இந்தப் பாடத்தை அவரவர் வேகத்தில் கற்கலாம்.'

"எனக்கு என்ன வேகமுன்னு எனக்கே தெரியாதே," என்று பதறினார் ராக்கியப்பன்.

உடனே அளந்தார்கள். டீக்கடையிலிருந்து மாரியம்மன் கோயில் வரை நாச்சிமுத்துவுக்கு நாலு நிமிஷம். ராக்கியப்பனுக்குப் பத்தொன்பது. அருக்காணி பதினொன்று. செம்மலை கோயிலுக்குப் போகவே இல்லை; டீ குடித்துவிட்டுத் திரும்பினார். அவருடைய வேகம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பாடத்தை ஓடவிட்டு அவரவர் வேகத்தில் நடந்தார்கள். போன் நாச்சிமுத்துவின் கையில். 'வணக்கம் மாணவர்களே' என்பதை நாலு பேரும் கேட்டார்கள். மிச்சத்தை நாச்சிமுத்துவும் அடுத்த ஊர்க்காரர்களும் கேட்டார்கள்.

"இது சரிப்படாதுங்க," என்றார் அருக்காணி. "போனு ஒரு இடத்துல இருக்கட்டும். நாம அதச் சுத்தி நடக்கலாம்."

போனை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சுற்றினார்கள். நாச்சிமுத்துவுக்குத் தலை சுற்றியது. வேகம் பூஜ்யமான செம்மலை மட்டும் மரத்தடியிலேயே உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். என்ன சொன்னார்கள் என்று விசாரித்தபோது, "பொம்பளக் கொரலுங்க," என்றார்.

இப்படியே மூன்றாம் பாடம் வந்தது. அதில் சொன்னது இதுதான்: 'ஒரு செய்தியை முழுசாக அனுப்பக் கூடாது. துண்டு துண்டாக்கி, பாக்கெட்டுகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, எந்தப் பாதை கிடைக்கிறதோ அந்தப் பாதையில் அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றுசேர்த்துக்கொள்வார்கள்.'

ராக்கியப்பன் எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, பால் சங்கத்துல பாக்கெட்டுக்கா பஞ்சம்?"

அன்றைய அறிக்கையை அருக்காணி எழுதினார். 'எருமைகள் கறந்தது நானூறு லிட்டர். பார்த்துக் கையெழுத்துப் போட்டது தலைவர்.' எழுதியதைக் கத்தரிக்கோலால் வார்த்தை வார்த்தையாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு பால் கவரில் போட்டு, மேலே 'ஓடைப்புதூர்' என்று எழுதி ஒட்டினார்கள்.

"கவர்ல பாலையும் ஊத்தணுமுங்களா?" என்று கேட்டார் செம்மலை.

இதைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. வழியில் துண்டுக்குத் தாகம் எடுக்கலாம் என்பதால் கொஞ்சம்போல ஊற்றுவது என்று முடிவானது.

ஒரு பாக்கெட் பஸ் கண்டக்டரிடம் போனது. ஒன்று செங்கல் டிராக்டரில். ஒன்றைக் கல்யாண வேனில் மாப்பிள்ளையின் மடியில் வைத்தார்கள். 'எருமைகள்' என்ற துண்டை மட்டும் நாச்சிமுத்து பொறுக்க மாட்டாமல் தானே எடுத்துக்கொண்டு மலையேறி ஓடினார்.

ஓடைப்புதூரில் பதிவேடு எழுதுகிறவர் சுந்தராம்பாள். எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்ததும் அவற்றைக் கொடியில் காயப்போட்டு, பொறுமையாகச் சேர்த்தார். ஒரு வார்த்தைகூட மிச்சமில்லாமல் பொருந்தியது:

'தலைவர் கறந்தது நானூறு லிட்டர். பார்த்துக் கையெழுத்துப் போட்டது எருமைகள்.'

சுந்தராம்பாள் மனிதர்களைச் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. அப்படியே ஒன்றியத்துக்கு அனுப்பிவைத்தார்.

இங்கே வட்டப்பாறையில் நாலாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. 'பதில் வராவிட்டால் பாக்கெட் தொலைந்துவிட்டதாக நினைத்து, அதையே திரும்ப அனுப்புக.'

சுந்தராம்பாள் பதில் போடத்தான் போட்டார். தபாலில் போட்டார். அது வந்துசேர்வதற்குள் அதே அறிக்கை முப்பத்தொரு தடவை போய்விட்டது. அந்தப் பாதையில் பால் கவர் இல்லாத பஸ்ஸே ஓடவில்லை. வந்த ஒவ்வொன்றையும் சுந்தராம்பாள் முன்போலவே சேர்த்து ஒன்றியத்துக்கு அனுப்பினார்.

ஒன்றியத்தின் கணக்குப்படி வட்டப்பாறை சங்கத் தலைவர் ஒரே வாரத்தில் பன்னிரண்டாயிரத்து நானூறு லிட்டர் கறந்திருந்தார். அவருக்கு என்ன தீவனம் வைக்கிறார்கள் என்று கேட்டு மூன்று சங்கங்களிலிருந்து கடிதம் வந்தது.

ஐந்தாம் பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கைச் சுற்றி நெருப்புச் சுவர் வேண்டும் என்று அதில் இருந்தது. செம்மலை நாலு வண்டி தென்னை மட்டை கொண்டுவந்து, கம்ப்யூட்டர் அறையைச் சுற்றி அடுக்கிக் கொளுத்தினார். பாடத்தில் சொன்னபடியே அன்று ஒரு வைரஸ்கூட உள்ளே வரவில்லை. அவர்களாலும் போக முடியவில்லை. புருவம் போனது நாச்சிமுத்துவுக்கு மட்டும்தான்.

மாசக் கடைசி நாள். பரீட்சை.

வெளியே பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நின்றபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியாத்தா என்கிற அம்மாள், "எப்படியாச்சும் பாஸாயிருங்க சாமி, மலையச் சுத்த எனக்குச் சீவனில்ல," என்று கும்பிட்டார். ராக்கியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

போனை மாட்டுத்தீவன மூட்டைமேல் வைத்தார்கள். முதல் திரையில், 'கட்டத்தில் உங்கள் பெயர் எழுதவும்' என்றிருந்தது. அருக்காணி ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டத்தில் 'உங்கள் பெயர்' என்று எழுதினார்.

அடுத்த திரையில் ஒரு விதி. 'பரீட்சை நடக்கும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.'

"அப்போ நாங்க மூணு பேரும் வெளிய போயிக்கறோம், நீ எழுதம்மிணி," என்றார் ராக்கியப்பன்.

"அதெப்படிங்க? உங்களுக்கு நான் வேற ஆளுதானே?"

"ஆமா."

"எனக்கு நீங்க வேற ஆளு. நாச்சிமுத்தண்ணனுக்கு நாம எல்லாருமே வேற ஆளு."

ராக்கியப்பன் விரல்விட்டு எண்ணினார். எப்படி எண்ணினாலும் ஒவ்வொருவரும் யாருக்காவது வேறு ஆளாகவே இருந்தார்கள். விதியை மீறினால் பரீட்சை செல்லாது. நாலு பேரும் வெளியேறுவதைத் தவிர வழியில்லை.

வாசலில் செம்மலை நின்றார். "உள்ள கோழி ஒண்ணு இருக்குதுங்க."

தீவனம் பொறுக்க வந்த கோழி. அதைத் துரத்துவதா வேண்டாமா என்று எல்லோரும் அருக்காணியைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"வேற யாரும் இருக்கக் கூடாதுன்னுதானுங்க போட்டிருக்குது. யாரும்னா மனுசங்க. கோழி 'எதுவும்'ல வரும். எதுவும் இருக்கக் கூடாதுன்னு போடல."

படிப்பு என்றால் இதுதான் என்று மெச்சிக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே போனும் கோழியும் மட்டும். போனின் கண்ணாடிமேல் தவிடும் சோளக்குருணையும் சிதறியிருந்தன. கோழி ஒன்றுவிடாமல் கொத்தித் தின்றது. ஐம்பது கேள்விகளும் முடிந்தபோது கண்ணாடி சுத்தமாகிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். திரையில் பூ கொட்டிக்கொண்டிருந்தது. 'வாழ்த்துகள், உங்கள் பெயர்! நூற்றுக்கு நாற்பத்திரண்டு பெற்று நீங்கள் தேர்ச்சி அடைந்தீர்கள்.'

கூரையே பறந்துவிடும்போலக் கத்தினார்கள். நாச்சிமுத்து ஊரை இரண்டு சுற்று ஓடிவந்தார். காளியாத்தா வரிசையிலேயே உட்கார்ந்து அழுதார். எல்லாம் அடங்கிய பிறகுதான் ராக்கியப்பன் கேட்டார்:

"பாஸானது ஆருங்க?"

அருக்காணி மறுபடி வாசித்தார். "உங்கள் பெயர்ன்னு ஒருத்தருங்க."

"நம்ம சென்டர்ல அப்படி ஆரும் இல்லயே."

"வட்டப்பாறை மையமுன்னு தெளிவாப் போட்டிருக்குதுங்களே."

நாலு பேரும் அறையை மூலை மூலையாகத் தேடினார்கள். கடைசியில் நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "எத்தனை பெரிய மனுசன் பாருங்க. சாத்தின அறைக்குள்ள வந்து, நமக்காகப் பரீட்சை எழுதிக் குடுத்துட்டு, ஒரு வாய் டீகூடக் குடிக்காமப் போயிட்டாரு."

மறுநாள் ஒன்றியத்திலிருந்து கணினி அதிகாரி மரகதவல்லி வந்தார். கறவைத் தலைவரைப் பற்றி விசாரிக்கத்தான் கோபமாகப் புறப்பட்டு வந்தார். சான்றிதழைப் பார்த்தார். கல்லூரிக்குப் போன் போட்டார். பாஸ் உண்மைதான் என்றார்கள். நாலு பேரின் முகத்தையும் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஒயரை எடுத்துத் தானே மாட்டினார். பத்தே நிமிஷத்தில் ஓடைப்புதூர் திரையில் வந்துவிட்டது. மையத்தை மூடப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேகமாக ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

நாலு பேருக்கும் நிம்மதி. ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு நாற்காலி வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, அந்தப் புண்ணியவானுக்கென்று ஒதுக்கினார்கள். ஊர் ஊராக ஆளனுப்பி விசாரித்தார்கள். துப்புக் கிடைக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து, மாடுகளுக்கு ஊசி போடப் புது டாக்டர் ஒருவர் வந்தார். மேஜைக்கு எதிரே நின்று, நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, ராக்கியப்பனைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"உங்கள் பெயர்?"

நாலு பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். ராக்கியப்பனுக்கு முழங்கால் வலிகூட மறந்துவிட்டது.

"அவரு இன்னும் வரலீங்க," என்றார் அருக்காணி. "நீங்க அவருக்குச் சொந்தமுங்களா?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லம்மா, நான் பெயரைத்தான் கேட்டேன்."

"நாங்களும் ஒரு மாசமா அவரைத்தானுங்க கேட்டுட்டு இருக்கறோம்," என்றார் ராக்கியப்பன். "செம்மல, ஐயாவுக்குப் பால் கொண்டா. தேடறதுக்கு நம்மகூட இன்னொரு ஆளு சேந்துட்டாரு."