வழக்கில் ஜெயித்த கருங்குரங்கு

முதலில், காட்டுப்பன்றிகள் குளத்தின் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டன. இரண்டாவதாக, அங்கிருந்த தாமரைக் கிழங்குகளை ஒன்று விடாமல் தோண்டித் தின்றன. மூன்றாவதாக, "இது என்ன நியாயம்?" என்று கேட்ட முள்ளம்பன்றியைக் காட்டை விட்டே துரத்தின. நான்காவதாக, கோடையில் எல்லாருக்கும் மிஞ்சியிருந்த ஒரே ஊற்றையும் மிதித்துச் சேறாக்கின.

முதல் மூன்றையும் எதிர்த்துக் குரல் கொடுத்தது நெடுவால் என்ற கருங்குரங்கு. நான்காவதற்கு வழிவிட்டதும் அதே நெடுவால்தான்.

ஊற்றுக்கு அதுதான் காவல். பன்றிகளைக் கண்டால் கூவ வேண்டும். ஒரு நண்பகலில் கிழட்டுப் பன்றி ஒன்று ஒரு கிளை நிறைய நாவற்பழத்தைக் கொண்டுவந்து போட்டது.

"இத்தனை போராட்டம் நடத்தினாயே அண்ணே, இந்தக் காடு உனக்கு என்ன கொடுத்தது?"

காடு ஒன்றும் கொடுக்கவில்லை. நெடுவால் பழத்தை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. கூவவில்லை. பொழுது சாய்வதற்குள், ஊற்றில் நீந்திய தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

மறுநாள் காலையில் சபை கூடியது. ஆதியில் பெருவெள்ளம் வடிந்து, விலங்குகள் ஜோடி ஜோடியாகப் பேழையை விட்டு இறங்கிய நாளிலிருந்தே வரும் வழக்கம் அது. சாட்சிகள் ஜோடி ஜோடியாக உட்கார்வார்கள். தவறு செய்தவரின் பெயரை மீன்கொத்தி உரக்க வாசிக்கும். பெயருக்கு உரியவர் "நான்தான் செய்தேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் தண்டனை. தண்டனை தீர்ந்தால் பழையபடி கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

மீன்கொத்தி அலகைத் திறப்பதற்குள் நெடுவால் எழுந்து நின்றது.

"ஒரு கேள்வி! நம்மைப் படைத்த ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றது சபைத் தலைவரான ஆமை.

"நான் ஊற்றைக் கைவிடுவேன் என்பது, நான் பிறக்கும் முன்பே அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் அறிந்தது பொய்த்துப் போகுமா?"

"போகாது."

"அப்படியானால் நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? சொல்லுங்கள் பார்ப்போம்!"

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு யோசித்தது; பிறகு தலையை நீட்டியது.

"சரி, உன் வாதப்படியே ஆகட்டும். நீ எதையும் செய்யவில்லை. மீன்கொத்தி, பெயரை வாசிக்காதே."

"பார்த்தீர்களா!" என்று நெடுவால் தொடையைத் தட்டியது. சாட்சிகள் ஜோடி ஜோடியாக எழுந்து போனார்கள்.

அன்று முதல் யாரும் அதைத் திட்டவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. குஞ்சுகளைப் பறிகொடுத்த தவளைகூட அதைத் தாண்டிப் பேசாமல் போனது. நெடுவாலுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ தவளை! என்னை ஒரு வார்த்தை திட்டமாட்டாயா?"

"காற்றில் முறிந்து விழுந்த கிளையை யாரப்பா திட்டுவார்கள்?"

"நானா கிளை? பன்றியின் கோரைப் பல்லுக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றவன் நான்! மூன்று போராட்டம்!"

"அதுவும் ஆண்டவருக்கு முன்பே தெரிந்ததுதானே? அதில் மட்டும் உனக்கு என்ன பெருமை?" என்று சொல்லிவிட்டுத் தவளை தாவிப் போய்விட்டது.

நெடுவால் தன் நெஞ்சில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தது. அது யாருடைய தழும்பு என்றே அதற்குப் புரியவில்லை.

கீழே எல்லாரும் சேர்ந்து புது ஊற்று தோண்டினார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வேலைக்கு அழைத்தார்கள். நெடுவாலை அழைக்கவில்லை. அது இலவ மரத்தின் உச்சியில் இருந்து, "பன்றிக் கூட்டமே!" என்று பழைய கோஷத்தைக் கத்தியது. முன்பெல்லாம் காடே "வெளியேறு!" என்று பதில் கொடுக்கும். இப்போது ஓர் அணில்கூட வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் ஆள்காட்டிக் குருவி அந்தப் பக்கமாகப் பறந்து வந்தது.

"ஆள்காட்டி! அன்று நீ மேலே பறந்தாயே, என்னைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். மூன்று தடவை பழத்தை விட்டுத் திரும்பிப் போனாய். நாலாம் தடவை எடுத்தாய்."

"நீ பார்த்ததால்தான் எடுத்தேனோ?"

"அட பைத்தியமே! நீ எடுத்ததால்தான் அதைப் பார்த்தேன். எடுக்காமல் போயிருந்தால், போனதைப் பார்த்திருப்பேன்."

"ஆண்டவர்?"

"அவர் என்னைவிட எவ்வளவோ உயரத்தில் இருக்கிறார். நான் அன்று கண்டதை அவர் ஆதியிலேயே கண்டார். கண் எந்த உயரத்தில் இருந்தால் என்ன, கை உன்னுடையதுதானே?"

நெடுவால் இலவ மரத்தை விட்டு இறங்கியது. நேரே சபைக்குப் போனது.

"என் வழக்கை மறுபடியும் எடுங்கள்."

"நீதான் ஜெயித்துவிட்டாயே!" என்றது முயல்.

"தோற்க வந்திருக்கிறேன்."

"நீ இன்று வருவாய் என்பதும் ஆண்டவருக்கு முன்பே தெரிந்திருக்கும், இல்லையா?" என்று முயல் சீண்டியது.

"தெரிந்திருக்கட்டும். நடந்து வந்தது நான்."

தவளை முன்னால் வந்தது. "உன்னை நான் மன்னிப்பேன் என்று மட்டும் நினைக்காதே."

"மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். என் பெயரை வாசிக்கச் சொல். அது போதும்."

ஆமை தலையசைத்தது. ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்த சாட்சிகளுக்கு நடுவே நெடுவால் தனியாக நின்றது. மீன்கொத்தி உரத்த குரலில் வாசித்தது:

"ஊற்றைக் கைவிட்டவர், நெடுவால்!"

"நான்தான் செய்தேன்."

ஆண்டவர் முன்னறிவது யார் கையையும் பிடித்து இழுப்பதில்லை. செய்த தீமை தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாதவருக்கு, செய்த நன்மையும் சொந்தமாகாது.