காம்புக்குள் வைத்த முட்டை

பூச்சியும் செடியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மிளகாய்ச் செடிக்கு இலைப்பேன் பிடித்தது. இலைகள் சுருண்டன. மொட்டு அவிழ்வதற்குள் இலைப்பேன்கள் இதழுக்குள் புகுந்து, சுரண்டிச் சாறு குடித்தன. பூத்ததெல்லாம் உதிர்ந்து, ஒரே ஒரு பூ மிஞ்சியது. அதுவும் போனால் காயில்லை, விதையில்லை, செடிக்கு வம்சமே இல்லை.

செடி கும்பிடுபூச்சியைக் கூப்பிட்டது. "அண்ணே, பெரிய வேட்டைக்காரர் நீங்க. காப்பாத்துங்க."

கும்பிடுபூச்சி எட்டிப் பார்த்துச் சிரித்தது. "இந்தப் பொடிசுங்களையா? என் தகுதிக்கு வெட்டுக்கிளி இருந்தா சொல்லு."

தகுதியாம்! பூவுக்குள் தலை நுழையவில்லை என்று ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அப்போது மகரந்தம் தின்ன ஒரு குட்டிப் பூச்சிக்காரி வந்தாள். எள்ளைவிடச் சின்ன உடம்பு. கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு. நெஞ்சுக்கடியில் மடித்து வைத்த ஊசி மூக்கு.

"நான் பாத்துக்கறேன் அக்கா," என்றாள்.

"பாத்தும்மா, இலைப்பேன் உன்னைத் தூக்கிட்டுப் போயிடப் போவுது!" என்றது கும்பிடுபூச்சி.

அவள் ஊசியை நீட்டிக்கொண்டு பூவுக்குள் போனாள். இதழடியில் பதுங்கியிருந்த இலைப்பேனைக் குத்தினாள், உறிஞ்சினாள், வெறும் தோலை உதறினாள். அடுத்ததைத் தேடினாள்.

செடிக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னிக்கு இருப்ப. நாளைக்கு இன்னும் கூட்டமா வருவாங்க, நீ பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்துடுவ. தேனீ, வண்டு எல்லாம் அப்படித்தானே?"

நியாயமான சந்தேகம்தான். அவள் சத்தியம் செய்திருக்கலாம். வெறும் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு செடி என்ன செய்யும்? அவள் வயிற்று நுனியால் காம்பைக் கீறி, அதன் சதைக்குள் தன் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைத்தாள்.

"ஐயோ, வலிக்குதே! என்னடி பண்ற?"

"என் பிள்ளைங்களை உனக்குள்ள வெச்சுட்டேன். நீ காய்ஞ்சா அதுங்களும் காயும். இப்ப சொல்லுக்கா, நான் எங்க போவேன்?"

அவள் போகவில்லை. முட்டை பொரிந்ததும், சிறகுகூட முளைக்காத பிள்ளைகள் வெளியே வந்து தாயோடு சேர்ந்து இலைப்பேனை விரட்டின. பூ பிஞ்சானது, பிஞ்சு காயானது.

அன்றைக்கு வந்த வழக்கம்தான்: பூவில் குடியிருக்கும் அந்தச் சின்ன வேட்டைக்காரி இன்றும் முட்டையைச் செடியின் மேல் வைப்பதில்லை, செடிக்குள்ளேயே வைக்கிறாள்.