அட்டையின் கடைசி வரி

“சிஸ்டர், இந்த அட்டையோட மூல ஃபைலை எந்த ஃபார்மட்ல வெச்சுட்டுப் போகட்டும்?”

செலின் கேட்டாள். மறுநாள் அவளுக்கு இருதய ஆபரேஷன்.

சிஸ்டர் ஃபிலோமினா, பள்ளியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி. தொட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டிலில் செலினின் குழந்தை. பக்கத்தில், வீட்டிலேயே வைத்திருக்கும் மூச்சுக் கருவி.

கருவி கத்தினால் திரையில் எதை முதலில் அழுத்த வேண்டும், எதை அடுத்து என்று அட்டை சொல்லும். மென்பொருள் புதிதாகும்போதெல்லாம் பட்டன்கள் இடம் மாறும். செலின் அட்டையைத் திருத்தி, அச்சடித்து, மறுபடி ஒட்டுவாள்.

“டிசைன் சாஃப்ட்வேர்ல அழகா வருது சிஸ்டர். எக்செல்ல கட்டம் கட்டமா நிக்குது. புரோகிராமா எழுதி வெச்சா பத்தி பிசகவே பிசகாது. எது நல்லது?”

“யார் திருத்தப் போறது?”

“நான்தான்.”

சிஸ்டர் அவளையே பார்த்தார்.

“நான்தான் சிஸ்டர்...” இந்தத் தடவை குரல் இறங்கிவிட்டது.

“லூர்துவைக் கூப்பிடு.”

பேக்கரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான் அவள் புருஷன். முழங்கையில் மாவு அப்படியே இருந்தது.

“இதுல ஏதாவது ஒரு வரியை மாத்துங்க தம்பி.”

அவன் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். “எங்க கல்யாணப் பத்திரிகைக்கே இவ இவ்வளவு டிசைன் போடல சிஸ்டர்!”

ஒரு விரலால் தட்டினான். சிவப்புக் கட்டம் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. இரண்டு பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

“ஐயையோ. நமக்கு இது ஆகாது. இதெல்லாம் அவ டிபார்ட்மென்ட்.”

சிரித்தது அவன் மட்டும்தான்.

செலின் அவன் போனை வாங்கினாள். அட்டையில் இருந்ததை வெறும் எழுத்தாக, வரிவரியாக அடித்தாள். கட்டம் இல்லை, நிறம் இல்லை. இத்தனை நாள் இழைத்து இழைத்துச் செய்தது, மளிகைச் சீட்டு மாதிரி கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை நீட்டினாள்.

“அட, இது எனக்கே வருமே! எந்த வரியை மாத்தணும் சிஸ்டர்?”

சிஸ்டர் செலினைப் பார்த்துத் திரும்பினார். “நாளைக்கு முதல்ல எந்த வரி மாறும்? நீயே சொல்லும்மா.”

செலின் மேலிருந்து படித்தாள். சத்தத்தை நிறுத்தும் பட்டன். குழாயைச் சரிபார்ப்பது. பேட்டரி. படித்துக்கொண்டே கீழே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

*அப்படியும் நிற்காவிட்டால் செலினைக் கூப்பிடவும்.*

அவள் விரல் அதன்மேல் இருந்தது. லூர்துவும் படித்தான்.

“இதை நான் தொட மாட்டேன்.”

கருவி மூச்சை இழுத்தது. விட்டது.

“தொடுங்க,” என்றாள் செலின். “உங்களுக்குத் திருத்த வருதான்னு நான் பார்த்துட்டுப் போகணும்.”