சவரிராயன் சாரின் முதுகு

“சார், கல்லை எடுத்த பிறகு என்ன செய்யட்டும்? முதுகு வழியா வெளியே ஒரு குழாயா, உள்ளேயே சிறுநீர் இறங்க ஒரு ஸ்டென்ட்டா, இல்லை ஒண்ணுமே வேண்டாமா?”

கேட்டவள் டாக்டர் உமையாள். சிறுநீரகப் பிரிவின் தலைவி. தலை பாதி நரைத்துவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர் சவரிராயன். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அந்தப் பிரிவையும் அவளிடம் விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வலது சிறுநீரகத்தில் ஒரு கல்லோடு அங்கேயே திரும்பி வந்திருக்கிறார்.

அவர் சட்டையைத் தூக்கினார். திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினார்.

உமையாள் பார்த்தாள். கொஞ்சம் வேர்க்குரு இருந்தது.

“புரியலை சார்.”

“புரியாட்டி போ. வேர்க்குருவுக்கு மட்டும் பவுடர் போடச் சொல்லிட்டுப் போ.”

வெளியே மயக்க மருந்து டாக்டர் இஸ்மாயில் நின்றிருந்தார்.

“நேரா ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகுமாம்?” என்றாள் உமையாள்.

“அவர் சொல்லணுமா மேடம்? குழாய் வைக்காம அவர் யாரையாவது விட்டிருக்காரா?”

விட்டதில்லை. கல்லை எடுத்த துளையிலேயே ஒரு குழாய். அதன் முனையில் ஒரு பை. சிறுநீர் ரத்தமில்லாமல் தெளிகிறவரை அது இருக்கும். பையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கிற நோயாளிகளிடம், “தாம்பூலப் பை மாதிரி பத்திரமா பிடிங்கய்யா, உள்ளே தேங்காய் இருக்கு” என்பார்.

உமையாள் அப்படியே செய்துகொண்டிருந்தவள்தான். கொஞ்ச காலமாக, உள்ளே சுத்தமாக இருந்தால் குழாய் வைக்காமலே மூடிவிடுகிறாள். வலி குறைவு. சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள். அதை அவரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இப்போது அவருடைய சிறுநீரகமே வந்து நிற்கிறது. குழாய் வைக்காமல் விட்டு, உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டால்?

மறுநாள் நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். உடம்பு மரத்தது. வாய் மரக்கவில்லை.

“உமையாள், எங்கே குத்துற?”

“சரியான இடத்துல சார்.”

“இன்னும் கொஞ்சம் கீழே போ.”

“கீழேதான் சார் இருக்கேன்.”

“இன்னும் ஒரு நூல்...”

“இஸ்மாயில், வாய்க்குன்னு தனியா ஒரு ஊசி கிடையாதா?”

ஆபரேஷன் தியேட்டர் முழுக்கச் சிரித்தது. குப்புறக் கிடந்தவரும் குலுங்கினார்.

“சார், சிரிக்காதீங்க. சிறுநீரகம் ஆடுது.”

கல் உடைந்தது. துண்டு துண்டாக வெளியே வந்தது. உமையாள் துளை வழியாக விட்டிருந்த ஸ்கோப்பை மெல்லத் திருப்பி உள்ளே பார்த்தாள். துணுக்கு மிச்சமில்லை. ரத்தக் கசிவில்லை. எக்ஸ்ரேயில் தெரிகிற சாயத்தை விட்டாள். எங்கும் தேங்காமல் சிறுநீர்ப்பைக்கு இறங்கியது.

“மேடம், டியூப்?” சிஸ்டர் ரோஸ்லின் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

உமையாளின் கை நின்றது. அவர் தலைப்பக்கம் குனிந்தாள்.

“சார், உள்ளே சுத்தமா இருக்கு. குழாய் வைக்கவா, வேண்டாமா?”

அவள் இன்னும் குனிந்தாள்.

“சார்?”

குறட்டை வந்தது.

“நடிக்கிறார் மேடம்” என்றார் இஸ்மாயில். “தூங்குறதுக்கு நான் ஒரு சொட்டு மருந்து கொடுக்கலை.”

உமையாளுக்குக் கோபம் வந்தது. பிறகு, முந்தின நாள் அவர் திருப்பிக் காட்டிய முதுகு இப்போது தன் கைக்கு அடியிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

நிமிர்ந்தாள். ஸ்கோப் வழியாக இன்னொரு முறை உள்ளே பார்த்தாள். இந்த முறை அவசரமில்லாமல்.

“டியூப் வேண்டாம் சிஸ்டர்.”

“ஸ்டென்ட்?”

“அதுவும் வேண்டாம். தையல் கொடுங்க.”

அன்று மாலை முழுக்க அவர் கை முதுகுப் பக்கம் போய்த் தடவிவிட்டுத் திரும்பியது. அங்கே ஒரு சின்னக் கட்டு மட்டும் இருந்தது.

காலையில் காய்ச்சல் இல்லை. முதுகுக் கட்டு நனையவில்லை. சிறுநீர்ப்பைக்கு வழக்கமாகப் போடும் குழாயையும் எடுத்துவிட்டார்கள். அவர் ஒரு கண்ணாடிக் குவளையோடு தானே நடந்து கழிப்பறைக்குள் போனார்.

கதவுக்கு வெளியே மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு, கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது போல ஒரு சத்தம்.

ரோஸ்லின் கைதட்டிவிட்டாள்.

“தட்டாதீங்கம்மா, நின்னுபோகுது!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெளியே வந்தவர் குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இளமஞ்சள். தெளிவு.

“திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க சார்” என்றாள் உமையாள்.

“தியேட்டர்ல நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, குழாய் வைன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“கேட்டேனே சார்! நீங்கதான் பொய்க் குறட்டை விட்டீங்க.”

“கேட்டியா?”

அவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். குவளையைக் கீழே வைத்தார். வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

“நீ வேலை பார்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன். எப்போ கண்ணசந்தேன்னு தெரியலை” என்றார். “தியேட்டருக்குள்ள எனக்குத் தூக்கம் வந்ததே கிடையாது, உமையாள்.”