கண்டெடுத்தவருக்குப் பரிசு

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். வெகு காலத்துக்கு முன் குறும்பொறை நாட்டைச் சிங்கமாறன் என்றொரு ராஜா ஆண்டான். காலில் சக்கரம் கட்டியவன். அவன் பின்னால் நடந்தே மந்திரிகளுக்கு முட்டி தேய்ந்தது.

அந்த அரண்மனையில் திருட்டு ஓயவில்லை. இன்று வெள்ளிக் கெண்டி, நாளை தங்கத் தட்டு. ஒவ்வொன்றையும் காவல் தலைவர் வில்லவராயர் கண்டெடுத்துக் கொண்டுவருவார். ராஜா பட்டும் பொன்னும் அள்ளிக் கொடுப்பான்.

ஒருநாள் ராணியின் ஒட்டியாணம், பூக்கட்டும் செங்கேணியின் கூடையில் கிடைத்ததாக வில்லவராயர் சொன்னார். ராஜா யோசிக்கவா போகிறான்? "சிறையில் போடுங்கள். பௌர்ணமியன்று கையை வெட்டுங்கள்" என்றான். பூக்கட்டிப் பிழைப்பவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அமைச்சர் நக்கண்ணர் ராஜாவின் பின்னாலேயே ஓடினார்.

"மகாராஜா, திருடியது யார் என்பதை விடுங்கள். ஒவ்வொரு திருட்டுக்கும் பிறகு என்ன நடக்கிறது?"

"பொருள் கிடைக்கிறது. பரிசு கொடுக்கிறேன்."

"அந்தப் பரிசைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்."

நிறுத்தினான். திருட்டும் நின்றது.

வில்லவராயர் மீசையை முறுக்கினார். "திருடி உள்ளே இருக்கிறாள், திருட்டு எப்படி நடக்கும்? அவள் மேல் உமக்கென்ன இவ்வளவு கரிசனம், அமைச்சரே?"

பௌர்ணமி நெருங்கியது. ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவள் சிறையிலேயே இருக்கட்டும், மகாராஜா" என்றார் அமைச்சர். " இனிக் கண்டெடுப்பவருக்கு ஒரு கிராமம் என்று பறையறையச் சொல்லுங்கள். எது காணாமல் போனாலும் என்னைத் தவிர யாரிடமும் வாய் திறக்காதீர்கள்."

மறுநாள் விடிந்தால் மகுடத்தைக் காணோம். ராஜா தலைவலி என்று சொல்லி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தான். உச்சிப்பொழுதில் வில்லவராயர் மகுடத்தோடு மூச்சிரைக்க வந்தார்.

"விடிந்ததிலிருந்து இதைத்தான் தேடினேன், மகாராஜா. தாமரைக் குளத்தில் கிடந்தது. எனக்கு எந்தக் கிராமம்?"

"மகுடம் தொலைந்தது என்று உமக்கு யார் சொன்னது?" என்றார் அமைச்சர்.

வில்லவராயர் மகுடத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். சபையே அவர் முகத்தைப் பார்த்தது.

"அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, மகாராஜா. தினமும் வாசலில் சோறு வைத்தால் நாய் வரத்தான் செய்யும். வைத்தது தாங்கள்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றுதான் ஓரிடத்தில் உட்கார்ந்தான். வில்லவராயரின் பட்டையும் பதவியையும் பறித்து, செங்கேணி இருந்த அறையிலேயே அடைக்கச் சொன்னான். அவளை அழைத்துவந்து சபை நடுவே மன்னிப்புக் கேட்டான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

நக்கண்ணர் இரண்டடி பின்வாங்கினார்.

"எனக்கு வேண்டாம், மகாராஜா. திருடனைப் பிடித்தால் முத்துமாலை என்று எனக்கும் பழகிவிடும். அந்த அம்மாவுக்குப் போடுங்கள்."