வெளியே நன்றாக எரிந்த பிளக்

கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கை ஒட்டித் தமயந்தியின் ஷெட் இருந்தது. ரேஸ் கார் எஞ்சின் என்றால் அவள் கை பட வேண்டும் என்பார்கள். அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவர் நாச்சிமுத்து. அவளைவிட மிகவும் மூத்தவர், தலை பாதி நரைத்தவர். ஸ்கூட்டரும் பழைய பெட்ரோல் காரும் ரிப்பேர் பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ரேஸ் வண்டி பழகியே ஆகவேண்டும் என்று ஒரு நாள் அந்த ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"இந்த வயசுல ஒரு பொம்பளைகிட்டப் போயி கைகட்டி நிக்கறயாக்கும்" என்று கூட்டாளிகள் கேலி பேசினார்கள்.

அவர் சட்டை செய்யவில்லை. கேலி பேசுகிறவர்கள் எஞ்சினைத் திறந்து காட்டப் போகிறார்களா என்ன? பேசிவிட்டு டீக்கடைக்குப் போவார்கள்.

அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

நாச்சிமுத்துவை நம்பித் தமயந்தி முதன்முதலாகக் கொடுத்தது ஒரு சிவப்பு வண்டி. மில் முதலாளி வெங்கிடுபதியின் வண்டி அது. அதை ஓட்டியவன் உக்கடத்து அப்சல். நல்ல கைக்காரன். போன வருஷம் ஒரு வளைவில் சுவரில் மோதித் தோள்பட்டை முறிந்து, குணமாகி, மறுபடி வந்து அதே சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் போட்டி. காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அப்சல் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அண்ணா, நேர் ரோட்டுல முழுசா மிதிச்சா வண்டி முக்குதுங்க. படபடன்னு மிஸ்ஸிங் அடிக்குது."

"பாதி மிதிச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. வழுக்கிக்கிட்டுப் போகுது."

நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார். பூனை மாதிரி அடக்கமாக ஓடியது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயிலில் சொருகி, எஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். நாலும் நீல நிறத்தில் பளிச் பளிச்சென்று எரிந்தன. ஸ்கூட்டர் கடையில் காலமெல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த நேரம் பார்த்து வெங்கிடுபதி வந்தார்.

"என்ன நாச்சிமுத்து, வண்டி எப்படி?"

"வண்டியில குத்தம் சொல்ல ஒண்ணுமில்லீங்க சார். பையனுக்குத்தான்... அந்த ஆக்சிடென்ட்டுக்குப் பொறவு காலு ஆக்சிலேட்டர உட்டுத் தானா எந்திரிக்குதாட்ட இருக்குது."

வெங்கிடுபதி அப்சலைக் கூப்பிட்டார். மெக்கானிக்குகள் நின்றார்கள். பக்கத்து டீம் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏப்பா, பயமா இருக்குதா? இருந்தா சொல்லீரு."

அப்சல் ஹெல்மெட்டைப் பார்த்தான். "இல்லீங்க சார்..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"இல்லைன்னா என்ன? வாயத் தொறந்து பேசு."

அவன் ஹெல்மெட் பட்டையை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"சரி. சாயங்காலம் வர்றேன். இவன் ஓட்டறானா, வேற ஆளக் கூப்பிடறதான்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம். மெட்ராஸ்ல ஒருத்தன் கூப்பிட்டா வர ரெடியா இருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பயந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்த வட்டாரத்தில் யாரும் வண்டி கொடுக்க மாட்டார்கள். இந்த சீட் போனால் அப்சலுக்கு அத்தோடு ரேஸ் முடிந்தது. அது அவனுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவன் ஒரு ஓரமாக டயர் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. ஷெட்டுக்குப் போனார். தமயந்தி ஒரு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம். கோளாறு வண்டிகிட்டயா ஆளுகிட்டயான்னு எப்புடீங்க கண்டுபுடிக்கறது?"

"எந்த வண்டி?"

"செவப்பு வண்டிதான்."

"எந்த ஆளு?"

"நம்ம அப்சலு." நடந்ததைச் சொன்னார்.

"நீங்க என்ன பாத்தீங்கண்ணா?"

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். பிளக்கக் கழட்டிப் பாத்தேன். நாலும் நீலமா எரியுது."

"எங்க எரிஞ்சுது?"

"எங்கன்னா? என்ற கையிலதான்."

தமயந்தி துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள்.

"பிளக்கு, காயிலு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

ஷெட் மூலையில் ஒரு பழைய பிளக் டெஸ்ட் மெஷின் கிடந்தது. கனமான இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் பிளக்கை முடுக்க ஓட்டை, இன்னொரு பக்கம் உள்ளே பார்க்கச் சின்னக் கண்ணாடி, மேலே காற்றுக் குழாய். அதை யாரும் சீண்டி நெடுநாள் ஆகியிருந்தது. அவள் தூசியை ஊதிவிட்டு ஒரு பிளக்கை முடுக்கினாள். அதன் காயிலை மேலே மாட்டி மின்சாரம் கொடுத்தாள்.

"பாருங்க."

நாச்சிமுத்து குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீலமாக எரிந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது. நான் சொன்னேனில்ல?"

அவள் காற்றுக் குழாயை மெல்லத் திறந்தாள். பெட்டிக்குள் காற்று ஏறியது. பொறி மெலிந்தது. இன்னும் திறந்தாள். விட்டு விட்டு எரிந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தாள். நின்றுவிட்டது.

பொறி நின்றும் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தமயந்தி ஷெட் வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினாள். இருட்டியதும் தெரிந்தது. காயிலின் ரப்பர் உறையில் ஒரு மயிரிழை வெடிப்பு. அதன் வழியாகப் பொடிப் பொடியாக நெருப்பு வெளியேறி இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது.

"அட கெரகமே!" என்றார் நாச்சிமுத்து.

"காத்து நெரிசல்ல பொறியால உள்ள தாண்ட முடியலீங்ணா. காயிலு அனுப்பிக்கிட்டேதான் இருக்குது. அது எங்க போகும்? ரப்பரத் தொளச்சுக்கிட்டு வந்திருச்சு." அவள் மின்சாரத்தை நிறுத்தினாள். "டர்போ பூஸ்ட் ஏத்துனீங்களா?"

"சார் கேட்டாருங்க. ஏத்துனேன்."

"பிளக்குக் கேப்பு?"

நாச்சிமுத்து மீதிப் பிளக்குகளை எடுத்து முனையைப் பார்த்தார். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. பூஸ்ட்டை ஏற்றினால் இன்னும் அதிகமாகத் திணிக்கும். அந்த நெரிசலில் பொறி தாண்ட வேண்டுமானால் பிளக் முனையின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு இதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை.

"பெட்டியில வந்தாப்பலயே போட்டுட்டேனுங்க" என்றார் கடைசியில்.

அவள் ஒரு புதுப் பிளக்கை எடுத்து, முனையை லேசாகத் தட்டி இடைவெளியைக் குறைத்து, ஃபீலர் கேஜ் வைத்து அளந்தாள். புதுக் காயிலோடு மெஷினில் மாட்டிக் காற்றை முழுசாகத் திறந்துவிட்டாள். பொறி அசையவில்லை. நீலமாக எரிந்துகொண்டே இருந்தது.

நாச்சிமுத்து அதே மாதிரி நாலு பிளக்கையும் அளந்து மாட்டினார். வெடித்த காயிலை மாற்றினார். வேலை முடிந்தும் அவர் முகம் தெளியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு அவளிடம் வந்தார்.

"வண்டியில கோளாறு இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு இடிக்குதுங்க வாத்தியாரம்மா. தப்பில்லாதவன் சார் முன்னால பளிச்சுனு சொல்லீட்டுப் போக வேண்டீதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தான்?"

தமயந்தி மெஷினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வெங்கிடுபதி நேராக ஷெட்டுக்குள் வந்தார். வெளியே டயர் அடுக்கின் மேல் அப்சல் ஹெல்மெட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடியிருந்தான். அவனே முடிவு பண்ணிவிட்டான் போல.

"என்ன ஆச்சு?" என்றார் வெங்கிடுபதி.

"பிளக்கும் ஒரு காயிலும் மாத்தியிருக்கேனுங்க சார்."

"காலையில குத்தமே இல்லைன்னீங்க?"

"இல்லைதானுங்க... ஆனா பொறவு பாத்தா..."

"பொறவு பாத்தா என்ன? சரியாச் சொல்லுங்க."

நாச்சிமுத்துவுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. "சின்னக் கோளாறுதானுங்க சார். அதுக்காக... பையன்கிட்டயும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யுமுங்க" என்று இழுத்தார்.

"அண்ணா" என்றாள் தமயந்தி. "இந்த எஞ்சின்ல நாலு சிலிண்டரும் எந்த வரிசையில பத்தும்?"

மெக்கானிக்குக்கு அது அ, ஆ மாதிரி. நாச்சிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். இதை ஏன் இப்போது கேட்கிறாள்?

வெங்கிடுபதி கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணு..." என்றார் நாச்சிமுத்து. "ஒண்ணு, ரெண்டு... இல்லீங்க. ஒண்ணு, நாலு..."

"ம், சொல்லுங்க."

நாச்சிமுத்து விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார், இரண்டாவது விரலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க இது? இதுகூடத் தெரியாமத்தான் என்ற வண்டியில கை வெச்சீங்களா?" என்றார் வெங்கிடுபதி.

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"சார், சித்த வெளிய இருங்க. டீ வந்துட்டிருக்குது" என்றாள் தமயந்தி. வெங்கிடுபதி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

அவள் மறுபடி கேட்டாள். "அண்ணா, எந்த வரிசையில பத்தும்?"

"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு."

அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மீசை மொளைக்கறதுக்கு முன்னால இருந்துங்க."

"சார் கேக்கறப்ப அது எங்கீங்ணா போச்சு?"

நாச்சிமுத்து மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார். அதன் சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

வெங்கிடுபதி கையில் போனை எடுத்திருந்தார்.

"சார், காலையில நான் சொன்னது தப்புங்க. பூஸ்ட ஏத்துனவன் நான். கேப்பக் குறைக்காம உட்டதும் நான்தான். அப்சல் முழுசாத்தான் மிதிச்சிருக்கறான். வண்டிதான் போகல."

"அத அவன் காலையிலயே சொல்ல வேண்டீதுதான?"

"சொன்னானுங்க சார். எங்கிட்டச் சொன்னான். நான்தான் காதுல வாங்கல."

வெங்கிடுபதி அவரையும் டயர் மேல் உட்கார்ந்திருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். டீ வந்தது. ஒரு வாய் குடித்தார்.

"சரி, இன்னொருக்கா ஓட்டட்டும். பாத்துட்டுப் பேசிக்கலாம்."

நாச்சிமுத்து அப்சலிடம் போனார். அவன் மடியிலிருந்த பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "உம்மேல தப்பில்ல சாமி" என்றார்.

அப்சல் தலையை மட்டும் ஆட்டினான்.

வண்டி போயிற்று. மூவரும் ஷெட் வாசலில் நின்று காதைக் கொடுத்தார்கள். வளைவுகளில் சத்தம் ஏறி இறங்கியது. நேர் ரோடு வந்தது. சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, கடைசி வரை ஒரு இடத்திலும் வெட்டவில்லை. பிரேக் பிடிக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அப்சல் காலை எடுத்தான் போலிருந்தது. வெங்கிடுபதி கூட ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு இவனே ஓட்டட்டும்" என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாச்சிமுத்து கையில் சோப்புத் தூளைப் போட்டுக் கிரீஸைக் கழுவினார். உள்ளே தமயந்தி மெஷினில் மிச்சமிருந்த காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்கண்ணா."

"ஒருவேளை பிளக்குல ஒரு கோளாறுமே இல்லீங்க. காயிலும் நல்லாருக்குது. நெசமாவே அவனுக்குப் பயமாத்தான் இருந்துச்சுன்னு வைங்க. அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

காற்று முழுதும் இறங்கும் வரை அவள் குழாயைப் பிடித்திருந்தாள். பிறகு மூடினாள்.

"அப்பயும் அவனத் தனியாக் கூப்பிட்டுத்தாங்ணா கேட்டிருப்பேன்."