உப்புக்கு விற்ற கணவாய்

கூன்மலையின் கிழக்குச் சரிவில் முப்பது வரையாடுகள் இருந்தன. செங்குத்துப் பாறையிலும் ஓடி விளையாடும் காட்டு ஆடுகள் அவை. சிறுத்தை வந்தால் பாறை ஏறிவிடும். மழை வந்தால் பாறை இடுக்கில் ஒதுங்கிவிடும். மாசி மாதத்து வெயிலுக்கு மட்டும் அவற்றிடம் பதில் கிடையாது. கிழக்குச் சரிவின் புல்லெல்லாம் அப்போது காய்ந்து சருகாகிவிடும்.

மலைக்கு மேற்கே பச்சைப் புல் இருக்கும். அங்கே போக ஒரே ஒரு கணவாய்தான் உண்டு. வரையாடுகூட ஏற முடியாத இரண்டு முகடுகளுக்கு நடுவே, எப்போதும் மூடுபனிக்குள் கிடக்கும் ஒரு புல்சரிவு. தை மாதத்தில் குட்டி போடுவதும், மாசியில் குட்டிகளோடு கணவாயைக் கடப்பதும் ஆடுகளின் வழக்கம்.

அந்தச் சரிவில் நடக்க ஒரு விதி இருந்தது. வரிசையாக நடக்கக் கூடாது. பத்தடி இடைவெளி விட்டுப் பரவித்தான் நடக்க வேண்டும். முன்னே போனவள் மிதித்த இடத்தைப் பின்னே வருகிறவள் மிதிக்கவே கூடாது. அதனால் அங்கே தடம் விழுந்ததில்லை. வழி இருப்பதே வெளியார் கண்ணுக்குத் தெரியாது.

"ஏன் இப்படி நடக்கணும்?" என்று யாராவது கேட்டால், தலைவி மூளிக்காதி கொம்பை ஆட்டுவாள்.

"யாருக்குத் தெரியும்? நடக்கணும்னா நடக்கணும். பேசாம வா!"

அவளுடைய ஒரு காது கிழிந்திருக்கும். அதனால் அந்தப் பெயர். விதியைக் காப்பாற்றத் தெரிந்த அவளுக்கு, அதன் காரணம் தெரியாது.

மந்தையில் சுழிச்சி என்று ஒரு பெண் ஆடு இருந்தாள். நெற்றியில் சுழி உள்ளவள். நல்லவள்தான். ஆனால் உப்பு என்றால் அவளுக்கு உயிர். மலைமேல் உப்பு ஏது? பாறையை நக்கி நக்கி நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அவள் தார்ச்சாலை வரை இறங்கி வந்தாள். கொண்டை ஊசி வளைவில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. ஜெரால்டு என்கிற நெட்டைப் பையனும் பவித்ரா என்கிற பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய், யாரும் போகாத மலைவழிகளைத் தேடி நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் அவர்களுக்குப் பித்து.

சைக்கிள் கைப்பிடியில் வியர்வை உலர்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. சுழிச்சி மெல்ல ஒரு நக்கு நக்கினாள். உப்பு! அவளுக்குக் கண்ணே சொருகிவிட்டது.

சாலையோர மரத்தில் கட்டைவாலன் என்ற குரங்கு உட்கார்ந்திருந்தது. வருகிறவர் போகிறவரிடம் பன்னும் பிஸ்கட்டும் பறித்துத் தின்று பிழைக்கும் குரங்கு. மனிதர் பேச்சு அதற்கு அத்துப்படி. மேற்கே போக வழி தேடித்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது அதற்குப் புரிந்துவிட்டது. வழி கிடைத்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பன் வரும்! குரங்கு சட்டென்று கிளையிலிருந்து இறங்கியது.

"அக்கா, ருசி எப்படி?"

"அடடா! இந்த மாதிரி உப்பை நான் கனவுல கூட நக்கினதில்ல!"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு சொல்வாங்க. நீ என்னடான்னா, நக்கிட்டு நைசா நழுவப் பார்க்கறே!"

"நான் என்ன செய்ய முடியும்? என்கிட்ட என்ன இருக்கு?"

"பாவம், மேற்கே போக வழி தேடறாங்க. நீ வாய் திறக்க வேண்டாம். முன்னால நட, போதும்!"

சுழிச்சி பதறிப்போனாள். "ஐயோ! அது மந்தையோட வழி. யாருக்கும் காட்டக் கூடாது!"

"ரெண்டே ரெண்டு பேருக்கா! ரெண்டு பேர் நடந்தா மலை தேஞ்சா போயிடும்?"

சுழிச்சி யோசித்தாள். யோசித்தாள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நாக்கு ஊறிய பிறகு யோசனை எங்கே வரும்? அவள் திரும்பி மலைமேல் நடந்தாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய் ஜெரால்டு, இந்த ஆடு நம்மளைக் கூப்பிடுது பாரேன்!" என்றாள் பவித்ரா.

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். பனி விலகியது. கணவாய் திறந்து கிடந்தது. இருவரும் கத்திக் கூத்தாடினார்கள். கொய்யாப்பழத்துக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, பவித்ரா உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள். சுழிச்சி கடைசிப் பொடி வரை நக்கித் தீர்த்தாள். குற்ற உணர்ச்சி இருந்ததா என்றால், இருந்தது. உப்பும் இருந்தது.

அவர்கள் எடுத்த படங்கள் ஊரெல்லாம் பறந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டு சைக்கிள்கள் வந்தன. அதற்கடுத்த ஞாயிறு நாற்பது. நடந்து வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. குப்பையைக்கூடப் பொறுக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் மனிதன் முன்னே போனவன் மிதித்த இடத்தில்தான் மிதிப்பான். சக்கரமும் முன்னே போன சக்கரத்தின் தடத்தில்தான் ஓடும். அதுதானே சுலபம்! புல் செத்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக ஒரு பள்ளம் விழுந்தது. முதலில் விரல் ஆழம். பிறகு சாண் ஆழம். புரட்டாசி முடிவதற்குள் முழங்கால் ஆழம்.

மூளிக்காதி அதைப் பார்த்துவிட்டு மந்தையைக் கூட்டினாள்.

"யாரு காட்டிக் கொடுத்தது?"

சுழிச்சி குனிந்து புல்லைக் கடித்தாள். மூளிக்காதி எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"நம்மள்ல யாரும் அப்படிச் செய்ய மாட்டோம். அவங்களாவே கண்டுபிடிச்சிருப்பாங்க" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசி அடைமழை வந்தது. சரிவெங்கும் பரவி வடிய வேண்டிய தண்ணீர் எல்லாம் அந்த ஒரே பள்ளத்தில் இறங்கியது. பள்ளம் ஓடையானது. ஓடை அடிமண்ணை அரித்தது. ஒருநாள் காலையில் பெரிய சத்தம் கேட்டது. பனி விலகியபோது கணவாய் இல்லை. புல்சரிவு முழுவதும் சரிந்துபோய், செக்கச்செவேல் என்று மண்சுவர் நின்றது. விதியின் காரணம் அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

அப்போதும் ஆடுகள் பெரிதாகக் கலங்கவில்லை. மழைக்காலம் அல்லவா, காலடியில் பச்சைப் புல் இருந்தது. வயிறு நிறைந்திருக்கும்போது நாளைப் பசி யாருக்கு நினைவில் இருக்கிறது!

தை மாதத்தில் ஒன்பது குட்டிகள் பிறந்தன. சுழிச்சிக்கும் ஒரு பெண் குட்டி. அதற்கும் நெற்றியில் சுழி. பாறைக்குப் பாறை தாவி, தவறி விழுந்து, மறுபடி தாவும். சுழிச்சி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மாசி பிறந்தது. புல் காய்ந்தது. தாய்களுக்குப் பால் குறைந்தது. மந்தை மண்சுவரின் முன்னால் போய் நின்றது.

"நான் முதல்ல போறேன். நான் கடந்துட்டா நீங்க குட்டிகளோட வாங்க!" என்றாள் மூளிக்காதி.

பாறையாக இருந்திருந்தால் அவள் குளம்பு பிடித்திருக்கும். அது வெறும் மண். ஆறு அடி வைத்தாள். ஏழாவது அடியில் மண் ஓடத் தொடங்கியது. அவளும் அதோடு ஓடினாள். கீழே அவள் விழுந்த சத்தம்கூட மேலே கேட்கவில்லை. அதன் பிறகு யாரும் அந்தச் சுவரில் கால் வைக்கவில்லை.

சுழிச்சி முன்னே வந்தாள். "நான் வேற கணவாய் தேடிட்டு வர்றேன். என் குட்டியைப் பார்த்துக்கோங்க!"

"எவ்வளவு நல்ல மனசு உனக்கு! நீ நல்லாயிருக்கணும்!" என்று மற்ற ஆடுகள் வாழ்த்தின. சுழிச்சி அவர்கள் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்தாள்.

அவள் வடக்கே போனாள். அங்கே தேயிலைத் தோட்டமும் மின்வேலியும் நாய்களும் இருந்தன. தெற்கே போனாள். அங்கே அணைத் தண்ணீர் கரைகாணாமல் கிடந்தது. மூன்று நாள் அலைந்துவிட்டுச் சாலை வழியாகத் திரும்பினாள். மரத்தடியில் கட்டைவாலன் கிளம்பத் தயாராக இருந்தது.

"நீதானே சொன்னே! ரெண்டே ரெண்டு பேருன்னு!" என்று சுழிச்சி கத்தினாள்.

"நான் சொன்னேன். நடந்தது நீ! உன் காலை நானா தூக்கி வெச்சேன்?" என்றது குரங்கு. "இங்க இனிமே யாரும் வரமாட்டாங்க. நான் அடுத்த மலைக்குப் போறேன். உடம்பைப் பார்த்துக்கக்கா!"

அது போய்விட்டது. ஜெரால்டும் பவித்ராவும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். வழி சரிந்ததை அறிந்து ஒரு வாரம் வருத்தப்பட்டார்கள். பிறகு வரைபடத்தில் வேறொரு மலையைத் தேடிக்கொண்டார்கள். அவர்களுக்கு மலைகள் நிறைய இருந்தன.

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்பார்கள். இங்கே தின்றது ஒருத்தி. தவித்தது மந்தை முழுவதும்.

சுழிச்சி திரும்பியபோது ஒன்பது குட்டிகளில் மூன்றுதான் எழுந்து நின்றன. அவளுடைய குட்டி நிற்கவில்லை. படுத்தபடியே தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தது. அவள் ஓடிப்போய் அதன் மேல் குனிந்து நின்றாள். குட்டி மடியை முட்டி முட்டி உறிஞ்சியது. பால் வரவில்லை. இன்னொரு முறை முட்டியது. பிறகு முட்டுவதை நிறுத்திவிட்டது.

சுழிச்சி வெகுநேரம் அதை நக்கிக்கொண்டே இருந்தாள். உடம்பு குளிர்ந்த பிறகும் நக்கினாள். பிறகு எழுந்து மந்தையின் நடுவே வந்து நின்றாள்.

"வழியைக் காட்டினது நான்தான். ஒரு கை உப்புக்காகக் காட்டினேன். மூளிக்காதியைக் கொன்னது நான். உங்க குட்டிகளைக் கொன்னது நான். என்னை முட்டித் தள்ளுங்க! மூளிக்காதி விழுந்த பள்ளத்துல தள்ளுங்க!"

ஆடுகள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தன. கோபம் எல்லார் கண்ணிலும் இருந்தது. ஆனால் ஒருத்தியும் எழுந்து வரவில்லை. முட்டுவதற்குக்கூட யாருக்கும் தெம்பு இல்லை. ஒவ்வொன்றாகத் தலையைக் கீழே போட்டுக்கொண்டன. சுழிச்சி நடுவிலேயே நின்றாள். மாசி வெயில் ஏறிக்கொண்டே போனது.

எல்லாருக்கும் பொதுவான வழியை ஒருவர் தன் நாக்குக்காக விற்றுவிட்டால், பிறகு எவ்வளவு அழுது உண்மையைச் சொன்னாலும் அந்த வழி திரும்பி வராது.